மலை சரிந்தது, வட்டாரக் கோடு அசையவில்லை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் அதனோடு வந்த மண்சரிவுகளும் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட பின்னர், பாடசாலையொன்றில் தங்கியிருந்த குடும்பங்களோடு ஒரு மாலைப்பொழுது நாம் பேசிக்கொண்டிருந்தோம். உலர் உணவு, கூரைத் தகரம், பிள்ளைகளின் கொப்பிகள் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. மண்ணுக்குள் போன போஞ்சிப் பாத்திகளைப் பற்றியும் பேசினோம். அப்போது பின்வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு தாய் கேட்டார்:

"சாமி, நாங்க இனி ஓட்ட எங்க பதியிறது? அங்கயே வச்சிருந்தா இங்க உள்ள மெம்பர் நீங்க யாருன்னு கேப்பாரு. இங்க மாத்திக்கிட்டா, அங்க உள்ள மண்ணு எங்களுக்கு இல்லன்னு ஆயிருமா?"

மண்டபத்தில் சத்தமில்லை. அது எல்லோருடைய கேள்வியாகவும் இருந்தது. நிவாரணம் பற்றி அதிகாரிகள் பலர் வந்து பேசியிருந்தார்கள். வாக்கைப் பற்றியும் வட்டாரத்தைப் பற்றியும் எவரும் பேசவில்லை. நாமும்தான் பேசவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அத்தாயின் அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுவோம். வாக்காளர் இடாப்பில் பெயரை மாற்றுவதால் காணி உரிமை போய்விடாது. காணிக்கு ஆதாரம் உங்களிடம் உள்ள உறுதி, அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரமே. ஆயினும் இந்த அச்சத்தை வீணானது என்று தள்ளிவிட எமக்கு மனமில்லை. தோட்டத்து லயன் அறையில் நான்கு தலைமுறையாக வாழ்ந்தவரிடம் எந்தப் பத்திரமும் இல்லை. "நாங்கள் இங்கே இருந்தோம்" என்பதற்கு அவரிடமுள்ள அரசாங்க எழுத்து பெரும்பாலும் வாக்காளர் இடாப்பு ஒன்றுதான். பாடசாலை அனுமதிக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆகவே பெயரை மாற்றுமுன் பழைய இடாப்பிலுள்ள உங்கள் குடும்பப் பதிவின் சான்றுப்படுத்திய பிரதியை மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றலாம்.

அவரது கேள்வியின் மற்றப் பாதி இதைவிடச் சிக்கலானது. எந்த வட்டாரத்துக்கு நாம் உரியவர்கள்? அந்த வட்டாரத்தின் எல்லையை யார், எந்தக் கணக்கை வைத்துக் கீறுகிறார்கள்?

எண்ணப்பட்டவர்களும் வாக்களித்தவர்களும்

எல்லை என்பது மலையக மக்களுக்குப் புதிய விடயமன்று. 1947-ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவர் தெரிவாயினர். அவர்களுள் பதுளைத் தொகுதியின் எஸ். எம். சுப்பையாவும் ஒருவர். அடுத்த ஆண்டே 1948-இன் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் வாக்கை இழந்தனர்.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது அதன் பின் நடந்தது. சோல்பரி அரசியலமைப்பின்படி 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்று கணக்கிட்டுத் தொகுதிகள் வகுக்கப்பட்டன. அந்தக் கணக்கில் குடிகளை மட்டும் சேர்ப்பதா, எல்லோரையும் சேர்ப்பதா என்று சட்டம் மாறி மாறி வந்து, 1959-இல் எல்லோரையும் எண்ணுவது என்று முடிவாயிற்று. ஆகவே தொகுதிகளின் எண்ணிக்கையைக் கூட்ட எம் மக்களின் தலைகள் எண்ணப்பட்டன. வாக்குச்சாவடிக்குப் போக மட்டும் அவர்களுக்கு இடமில்லை. மலைநாட்டில் அவர்கள் பெயரால் கூடிய ஆசனங்களுக்கு மற்றவர்களே வாக்களித்தார்கள்.

1977-இல் நுவரெலியா–மஸ்கெலியாவை மூன்று அங்கத்தவர் தொகுதியாக வகுத்திருந்தபடியால் எஸ். தொண்டமான் மூன்றாமவராகத் தெரிவானார். 30 ஆண்டுகளுக்குப் பின் தோட்ட மக்களின் வாக்கால் ஒருவர் பாராளுமன்றம் போனதற்கு எல்லை வகுத்த முறையும் ஒரு காரணம். கோடு கெடுதலும் செய்யும், நன்மையும் செய்யும் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

உள்ளூராட்சியில் கதை இன்னும் மோசம். 1987-இன் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிட முடியாது என்று நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். வாக்கு வாங்கத் தோட்டத்துக்கு வந்தவர்கள், பாதை போடக் கேட்டால் "அது கம்பனியின் பொறுப்பு" என்று திரும்பிப் போனார்கள். 2018-இல் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடை நீங்கியது. ஆகவே இன்று "தோட்டத்துக்குச் செய்யச் சட்டமில்லை" என்று ஓர் உறுப்பினர் சொன்னால், அவரிடம் அந்தத் திருத்தத்தைப் பற்றிக் கேளுங்கள்.

ஒரு புள்ளடி, இரண்டு வேலை

2018 பெப்ரவரி 10-இலும் 2025 மே 6-இலும் நாம் வாக்களித்தது புதிய கலப்பு முறையிலாகும். 2012-ஆம் ஆண்டுச் சட்டமும் 2017-ஆம் ஆண்டுத் திருத்தமும் சேர்ந்து இதை அமைத்தன. சபையின் உறுப்பினர்களில் 60 வீதமானோர் வட்டாரங்களிலிருந்து வருகிறார்கள். மீதி 40 வீதம், சபைப் பகுதி முழுவதிலும் கட்சிகள் பெற்ற வாக்கின் விகிதப்படி பட்டியலிலிருந்து வருகிறது. நாம் இடுவது ஒரேயொரு புள்ளடி. அது வட்டார வேட்பாளருக்கும் சேர்கிறது, கட்சியின் மொத்தத் தொகைக்கும் சேர்கிறது. எனவே வட்டாரத்தில் தோற்ற வாக்கு முற்றாக வீணாவதில்லை. இது நல்ல அம்சம்தான். ஆனால் பட்டியலில் யாரை உறுப்பினராக்குவது என்பதைக் கட்சி தீர்மானிக்கிறது. மழைக்காலத்தில் பாதை உடைந்தால் யாருடைய கதவைத் தட்டுவது என்று கேட்டால், அது வட்டார உறுப்பினருடைய கதவுதான்.

அந்தக் கதவு யாருடையதாக இருக்கும் என்பதை எல்லைக்கோடு எவ்வாறு தீர்மானிக்கிறது? ஒரு கணக்கைப் பார்ப்போம். இது விளக்கத்துக்கான கற்பனைக் கணக்கு. ஒரு தோட்டத்தில் 1,200 வாக்குகள். அதற்கு மேலே ஒரு கிராமம், கீழே ஒரு கிராமம், ஒவ்வொன்றிலும் 900 வாக்குகள். மொத்தம் 3,000. இதில் இரண்டு வட்டாரம், ஒவ்வொன்றும் 1,500 வாக்கு. தோட்டம் முழுவதையும் ஒன்றாக வைத்து 300 கிராம வாக்குகளைச் சேர்த்தால், அந்த வட்டாரத்தில் தோட்ட மக்களின் குரல் நிச்சயம் கேட்கும். மாறாக, தோட்டத்தின் நடுவே ஓடும் ஓடையை எல்லையாகக் கொண்டு 600 மேலே, 600 கீழே என்று பிரித்தால், இரண்டு வட்டாரத்திலும் அவர்கள் சிறுபான்மை. ஒருவரும் வாக்கை இழக்கவில்லை, ஒருவரும் இடம் மாறவுமில்லை. ஆனாலும் 1,200 பேருக்கு வட்டார உறுப்பினர் இல்லை.

ஓடையை எல்லையாக வைத்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டுமென்பதில்லை. கொழும்பில் விரித்த வரைபடத்தில் ஓடை தெளிவாகத் தெரியும். மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் ஒரே கொழுந்து மடுவத்துக்கும் ஒரே பாடசாலைக்கும் போகும் ஒரே சனம் என்பது வரைபடத்தில் தெரியாது. வட்டாரங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளை அடுக்கியே கட்டப்படுகின்றன. ஒரு தோட்டத்தின் டிவிசன்கள் வெவ்வேறு பிரிவுகளில் கிடந்தால், பிளவு வட்டாரத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

சட்டம் கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லை வகுப்போர் சனத்தொகையோடு இன விகிதத்தையும் புவியியல் அமைப்பையும் பார்க்க வேண்டும். தேவைப்படும் இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அங்கத்தவரைக் கொண்ட வட்டாரமும் அமைக்கலாம். நுவரெலியா மாவட்டத்தில் மக்கள் தொடர்ந்து கேட்டதன் பயனாக, 2018 தேர்தலுக்கு முன்பே இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாக்கப்பட்டன. நுவரெலியாவிலிருந்து கொட்டகலை, அக்கரபத்தனை சபைகளும், அம்பகமுவவிலிருந்து மஸ்கெலியா, நோர்வூட் சபைகளும் பிறந்தன. ஊவாவில் எம் மக்கள் அவ்வளவு செறிந்து வாழவில்லை. 2012 கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டத்தில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டோர் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பசறை, ஹாலி-எல, ஹப்புத்தளை, ஹல்துமுல்ல, லுணுகலை என்று சிதறி, கிராமங்களோடு கலந்து வாழ்கிறார்கள். சிதறி வாழ்பவர்களுக்கு எல்லைக்கோட்டின் ஒவ்வொரு வளைவும் முக்கியம்.

மண்ணுக்குள் போன ஊரின் எண்ணிக்கை

இனி இடம்பெயர்ந்தோர் விடயத்துக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. புதையுண்டவர் எத்தனை பேர் என்ற தொகை நாளுக்கு நாள் மாறி மாறிச் சொல்லப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். எஞ்சியவர்கள் இரண்டு ஆண்டளவில் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் வாழ்ந்தார்கள். 2016-இல் மாகல்தெனியவில் வீடுகள் கிடைத்தன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடியும் மண் சரிந்தது. மறுபடியும் குடும்பங்கள் தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் போயின.

இப்போது ஆண்டுகளை அடுக்கிப் பாருங்கள். வட்டாரங்களுக்கு அடிப்படையான குடிசன மதிப்பீடு 2012. மண்சரிவு 2014. புதிய வீடு 2016. வட்டார எல்லைகள் மீளாய்வு செய்யப்பட்டு வர்த்தமானியில் வந்தது 2017. கணக்கு எடுக்கப்பட்டபோது மீரியபெத்தை ஊராக இருந்தது.

அடுத்த கணக்கெடுப்பு 2024-இல் நடந்து, டிசெம்பரில் முடிந்தது. டித்வா வந்தது 2025 நவம்பரில். அதாவது புதிய கணக்கெடுப்பும், இன்று பாடசாலைகளிலும் உறவினர் வீடுகளிலும் இருக்கும் உங்களை, பதினொரு மாதத்தின் பின் இல்லாமற்போன வீட்டில் வைத்தே எண்ணியிருக்கிறது. அந்தத் தொகையை மட்டும் வைத்து எல்லைகளை மீண்டும் வகுத்தால், சிவப்பு எல்லையிட்டு மூடப்பட்ட மலைச்சரிவுக்கு வட்டாரம் இருக்கும், நீங்கள் குடியேறும் இடம் கணக்கில் இராது.

மீண்டும் வகுக்கப்படுமா என்று கேட்பீர்கள். 2018-இல் புதிய முறையால் உறுப்பினர் தொகை நாடு முழுவதும் எட்டாயிரத்தைத் தாண்டியது. முன்னர் அது ஏறத்தாழ 4,500. செலவு கூடிவிட்டதென்று 2022-இல் மஹிந்த தேசப்பிரிய தலைமையில் குழு அமைத்து, தொகையைப் பாதியளவுக்குக் குறைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. 2023-இல் அறிக்கை கையளிக்கப்பட்டது. எனினும் 2025 தேர்தல் பழைய வட்டாரங்களிலேயே நடந்தது. குறைப்பது என்றால் வட்டாரங்களைச் சேர்ப்பது. சேர்க்கும்போது சிறிய தோட்ட வட்டாரம் பக்கத்துப் பெரிய கிராமத்தோடு ஒட்டப்படலாம். செலவைக் குறைப்பதில் நியாயமுண்டு. யாருடைய உறுப்பினர் குறைகிறார் என்று கேட்பதிலும் நியாயமுண்டு.

எல்லைச் சிக்கல் தீராவிட்டால் தேர்தலே நின்றுபோகும் என்பதற்கு மாகாண சபை சாட்சி. மாகாண சபைத் தொகுதிகளுக்கான எல்லை அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகஸ்டில் ஒரு வாக்குக்கூட ஆதரவின்றித் தோற்கடித்தது. ஊவாவில் 2014 செப்டெம்பர் 20-இல் தெரிவான சபை 2019-இல் கலைந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஆளுநரும் அதிகாரிகளுமே மாகாணத்தை நடத்தினார்கள்.

ஆகவே, கோடு கீறுபவர் வருமுன் எமது கணக்கு எமது கையில் இருக்க வேண்டும். வாக்காளர் பதிவு பெப்ரவரி 1-இல் எங்கே வசிக்கிறீர்கள் என்பதைக் கொண்டே நடக்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் சென்று உங்கள் பெயர் எந்த இடாப்பிலாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய இடத்தில் வெட்டப்பட்டு புதிய இடத்தில் சேராமற்போனவர்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். போரால் இடம்பெயர்ந்தோரின் பதிவுக்கென 2013-இல் தனிச் சட்டம் வந்தது. மண்சரிவால் பெயர்ந்தோருக்கும் அதுபோல ஓர் ஏற்பாட்டைக் கேட்பது எமது உரிமை என்பதே எமது கருத்து.

எல்லைக் குழு பொதுமக்களின் யோசனைகளைக் கோரும்போது, பெரும்பாலும் கட்சிகளே எழுதுகின்றன. அங்கே கண்ணீர்க் கடிதம் அதிகம் உதவாது. இத்தனை குடும்பம், இத்தனை வாக்காளர், முன்பு இன்ன பிரிவு, இப்போது இன்ன பிரிவு, வாக்குச்சாவடிக்கு இத்தனை கிலோமீற்றர், ஆற்றில் வெள்ளம் வந்தால் பாதை இல்லை என்று எழுதிய ஒரு பக்கம் உதவும். பக்கத்துச் சிங்களக் கிராமத்தவரும் அதே மழையில் இடம்பெயர்ந்தவர்களே. அவர்களோடு சேர்ந்து இரு மொழியிலும் எழுதினால் இன்னும் நல்லது.

இரண்டு வாரம் கழித்து நாம் மறுபடி அந்தப் பாடசாலைக்குப் போனபோது, அதே தாய் ஒரு கொப்பியை நீட்டினார். 43 குடும்பத்தின் பெயர்கள். அடையாள அட்டை இலக்கம், பழைய லயன் இலக்கம், பிள்ளைகளின் வயது எல்லாம் அழகான எழுத்தில் இருந்தன. எழுதியது அவருடைய மகள், பத்தாம் வகுப்பு. கடைசி நிரல் மட்டும் வெறுமையாக இருந்தது. "புதிய கிராம உத்தியோகத்தர் பிரிவு" என்று தலைப்பிட்டிருந்தாள். "எங்க குடுப்பாங்கன்னு இன்னும் சொல்லலையே சாமி" என்றார் தாய். அந்த நிரலை வெறுமையாகவே விட்டு, கொப்பியைப் பிரதி எடுக்கப் பதுளைக்குக் கொண்டு வந்தோம்.