எடையன்று, எண்ணிக்கையே

2 கிராம் ஹைட்ரஜனும் 32 கிராம் ஆக்சிஜனும் ஒரே அளவு இடத்தை அடைப்பது எங்ஙனம் என்று மாணவனொருவன் என்னை வினவினான். 22.4 லிட்டர் என்று நெட்டுருச் செய்வித்திருந்த நான் திகைத்தேன்.

டஜன் பன்னிரண்டைக் குறிப்பதுபோல், மோல் 6.022 × 10²³ துகள்களைக் குறிக்கும். மேற்கூறியவை ஒவ்வொன்றும் ஒரு மோலே. ஒரே வெப்பநிலையில் இலேசான மூலக்கூறுகள் விரைந்தும் கனத்தவை மெதுவாகவும் மோதுவதால் அழுத்தம் சமமாகிறது. ஆகவே, இடத்தை நிர்ணயிப்பது எண்ணிக்கையே. 1811-இல் அவகாட்ரோ இதனை உரைத்தார். அவர் மறைந்து நான்காண்டு சென்று, 1860-இல் கன்னிசாரோ வாதாடிய பிறகே அறிஞர் செவிசாய்த்தனர்.

ஆயினும் 22.4 லிட்டர் என்பது பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்கும் ஒரு வளிமண்டல அழுத்தத்திற்குமே உரியது. 25 டிகிரியில் அது 24.5 லிட்டராகும். நிபந்தனையின்றி எண்ணைக் கற்பித்த பிழை என்னுடையது. ஆசிரிய நண்பர்கள் அதனைத் தவிர்ப்பார்களாக.