நேரலாமா? நேர்ந்துவிட்டதா?

ஒருவர் தம் சேமிப்பைக் கொண்டு ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்க எண்ணி, அதன் ஆண்டறிக்கையைப் புரட்டுகிறார். போட்டி பெருகலாம், மூலப்பொருள்களின் விலை ஏறலாம், சட்டங்கள் மாறலாம், கணிப்பொறியில் உள்ள விவரங்கள் திருடப்படலாம் எனப் பக்கம் பக்கமாக எச்சரிக்கைகள்! அனைத்தையும் கண்டு அஞ்சினால் எந்தப் பங்கையும் வாங்க இயலாது. அனைத்தையும் புறக்கணித்தால் உண்மையான ஆபத்து கண்ணில் படாமற் போகும். இவற்றை எவ்வாறு படிப்பது?

இவை ஏன் எழுதப்படுகின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்காவில் பங்குச் சந்தையைக் கண்காணிக்க 1934ஆம் ஆண்டில் ஓர் ஆணையம் நிறுவப்பட்டது. சிறு கம்பெனிகள் நீங்கலாக மற்றவை தம் ஆண்டறிக்கையில் இடர்களைத் தனிப் பகுதியாகக் கூறவேண்டும் என 2005இல் அது விதித்தது. அதற்கு முன்பே, 1995இல், வேறொரு சட்டம் வந்திருந்தது. எதிர்காலத்தைப் பற்றிய கணிப்புடன் தக்க எச்சரிக்கையும் சேர்த்திருந்தால், கணிப்பு பொய்த்தாலும் வழக்கிலிருந்து கம்பெனிக்கு அது பாதுகாப்பு அளித்தது. ஆகவே, எச்சரிக்கை என்பது படிப்பவருக்கு விளக்கு, எழுதுபவருக்கோ கேடயம். கேடயம் பெரிதாக இருப்பதையே எவரும் விரும்புவர். பக்கங்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இனி ஓர் உண்மை நிகழ்ச்சியைக் காண்போம். தன் பயனாளிகளின் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்தின் கைக்குப் போனதை ஃபேஸ்புக் கம்பெனி 2015இலேயே அறிந்திருந்தது. ஆயினும், அதன் பின்னரும் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, விவரங்கள் தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்றே அதன் அறிக்கைகள் கூறிவந்தன. 2018 மார்ச்சில் செய்தி வெளியானதும் பங்கின் விலை சரிந்தது. நடந்துவிட்டதை நடக்கக்கூடியதாகக் காட்டியது பங்குதாரரைத் திசைதிருப்புவதாகும் என ஆணையம் குற்றஞ்சாட்டியது. குற்றத்தை ஒப்பாமலும் மறுக்காமலும் 2019 ஜூலையில் 10 கோடி டாலர் செலுத்த அக்கம்பெனி இசைந்தது. எல்லாம் ஒரு 'லாம்' விகுதியின் விலை!

இதிலிருந்து சில வழிகளை நாம் அறியலாம்.

முதலாவது, பொதுவானதையும் தனிப்பட்டதையும் பிரித்துப் பார்த்தல். 'பொருளாதாரம் மந்தமடையலாம்' என்பது எல்லாக் கம்பெனிகளுக்கும் பொருந்தும். 'எங்கள் விற்பனையில் பாதி ஒரே வாடிக்கையாளரிடம் நடைபெறுகிறது' என்பது அந்தக் கம்பெனிக்கே உரியது. பொதுவான இடர்களைப் பகுதியின் இறுதியில் தனித் தலைப்பில் தரவேண்டும் என 2020இல் விதி திருத்தப்பட்டதால், இவ்வேலை எளிதாயிற்று.

இரண்டாவது, சென்ற ஆண்டின் அறிக்கையை அருகில் வைத்து ஒப்பிடுதல். கம்பெனிகள் பெரும்பாலும் பழைய சொற்களையே திரும்ப எழுதுகின்றன. எனவே புதிதாகச் சேர்ந்த வாக்கியமும், காணாமற்போன வாக்கியமும் ஊன்றிப் படிக்கத்தக்கவை.

மூன்றாவது, வழக்குகள், கடன்கள் பற்றிய கணக்குக் குறிப்புகளோடு ஒத்துப்பார்த்தல். எச்சரிக்கையில் 'நேரலாம்' என்றிருப்பது அங்கே 'நேர்ந்தது' என்றிருக்கக்கூடும்.

இவ்வளவு செய்தும், மறைக்கப்பட்டதைக் கண்டுபிடிக்க எப்போதும் இயலும் என்று கூறமுடியாது. ஃபேஸ்புக் அறிக்கையை எவ்வளவு கூர்ந்து படித்தவரும் ஏமாந்தே இருப்பார். ஆதலால், இழந்தால் தாங்கமுடியாத பணத்தை ஒரே கம்பெனியில் போடாதிருத்தலே, எந்த அறிக்கையும் அச்சிடாத எச்சரிக்கையாகும்.