வீட்டில் கடல் மீன் தொட்டி: இறங்கும் முன் உப்புக் கணக்குப் பாருங்கள்

திருவள்ளூர் மாவட்டத்தில் வண்ணமீன் வளர்ப்பு புதிதல்ல. கறவை மாடு, நாட்டுக்கோழி போல வீட்டுப் புறக்கடையில் நாலைந்து சிமெண்டுத் தொட்டி கட்டி கப்பி, மோலி, தங்கமீன் வளர்த்து, சென்னை கொளத்தூர்ச் சந்தைக்கு அனுப்புவோர் பலர் உண்டு. அவையெல்லாம் நன்னீர் மீன்கள். இப்போது மணவாள நகர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சிறு விவசாயிகள் சிலருக்குக் கடல் வண்ணமீன் மேல் ஆசை பிறந்திருக்கிறது. நன்னீர் மீனைவிட அதற்குக் கூடுதல் விலை உண்டு என்பது உண்மை. கடலிலிருந்து விலகிய ஊரில் அதை வளர்க்க முடியுமா என்றால், முடியும். ஆனால் தொட்டி வாங்கும் முன் சட்டம், தண்ணீர், உப்பு ஆகிய மூன்றையும் கணக்குப் பார்க்க வேண்டும். இவற்றில் உப்புக் கணக்கைத் தவறவிட்டால் மீன் மட்டுமல்ல, நிலமும் போய்விடும்.

நமக்கு இது பழைய கலை

சென்னை மெரீனா கடற்கரையில் 1909-லேயே கடல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதற்கு வித்திட்டவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. கடல் எதிரிலேயே இருந்ததால் அங்கு தண்ணீருக்குக் குறைவில்லை. கழித்த நீரும் கடலுக்கே போயிற்று. மணவாள நகரில் இந்த இரண்டு வசதியும் இல்லை. உப்பு நீரை நாமே தயாரிக்க வேண்டும், கழிவு நீருக்கும் நாமே வழி தேட வேண்டும்.

பவளப்பாறை வேண்டாம்

கடல் தொட்டி என்றதும் படத்தில் பார்த்த பவளப்பாறைதான் கண்முன் வரும். பவளம் என்பது கல் அல்ல. அது உயிருள்ள பிராணிகளின் கூட்டம். கல் பவளங்கள் எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. எடுப்பது, விற்பது, வாங்கி வைத்திருப்பது எல்லாம் குற்றம். சிறைத் தண்டனை கிடைக்கும். கடல் குதிரையும் இதே சட்டத்தின் காப்பில் இருக்கிறது. "செத்த பவளம்தானே, கரையில் கிடந்தது" என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அதனால் தீவுகளின் கரை அரித்தது, மீன் குஞ்சுகளுக்கு மறைவிடம் இல்லாமற் போயிற்று. 1986-ல் அங்குள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. நம் தொட்டிக்குச் சுண்ணாம்புக் கல், சுட்ட மண் குழாய், உடைந்த பூந்தொட்டி, ஓட்டுத் துண்டு ஆகியவை போதும். மீனுக்கு வேண்டியது ஒளிய ஓர் இடுக்குதான்.

தொட்டியின் அளவும் எடையும்

சிறு தொட்டி மலிவு என்று அதில் ஆரம்பிப்பது தவறு. தண்ணீர் குறைவாக இருந்தால் உப்பும் வெப்பமும் சீக்கிரம் ஏறி இறங்கும். கடல் மீன் அந்த மாறுதலைத் தாங்காது. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டி நல்ல அளவு. இது 24 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 680 லிட்டர் கொள்ளும். விளிம்பில் விடும் இடத்தையும் கற்கள் அடைக்கும் இடத்தையும் கழித்தால் நிற்கும் நீர் சுமார் 550 லிட்டர்.

கண்ணாடி 12 மில்லி மீட்டர் கனம் இருக்கட்டும். கண்ணாடி, கல், நீர் சேர்ந்து முக்கால் டன்னுக்கு மேல் எடை வரும். ஓட்டு வீட்டுத் திண்ணை, பழைய மாடித் தளம் இதற்கு ஆகாது. தரைத் தளத்தில், சமமான சிமெண்டுத் தரையில், இரும்புச் சட்டத்தின் மேல் வைக்க வேண்டும். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே தெர்மாகோல் தகடு இடுவது அவசியம். நேர் வெயில் படக் கூடாது.

தண்ணீர் தயாரித்தல்

பழவேற்காட்டிலிருந்து டிரம்மில் கடல் நீர் கொண்டுவரலாமே என்று தோன்றும். ஏரி நீரின் உப்பு காலத்துக்கு ஏற்ப மாறும். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணி ஆற்று வெள்ளம் கலந்து மிகவும் குறைந்துவிடும். எண்ணூர்ப் பக்கத்து நீரை எடுக்கவே கூடாது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. இவை மறக்கக் கூடிய செய்திகள் அல்ல.

எனவே கடல் தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பைக் கரைப்பதே பாதுகாப்பு. சமையல் உப்போ, உப்பளத்துக் கல்லுப்போ பயன்படாது. உப்பளத்தில் கடல் நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலிலேயே படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசிக் கசப்பு நீரில் தங்கிவிடுகிறது. நடுவில் நாம் வாரி எடுப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. கடல் மீனுக்கு எல்லாச் சத்தும் வேண்டும்.

லிட்டருக்கு 35 கிராம் வீதம் 550 லிட்டருக்குச் சுமார் 19 கிலோ உப்பு தேவை. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஏற்கெனவே இரும்பும் வேறு உப்புகளும் இருக்கலாம். சுத்தமான தளத்திலிருந்து பிடித்து வடிகட்டிய மழை நீர் அல்லது ஆர்.ஓ. நீர் நல்லது. குழாய் நீரானால் குளோரின் போகும்வரை காற்றுச் செலுத்திய பின்பே உபயோகிக்க வேண்டும். உப்பைத் தனி டிரம்மில் கரைத்து, ஒரு நாள் காற்றுச் செலுத்தி, நீர்மானியில் அடர்த்தி 1.023 முதல் 1.025 வரை இருக்கிறதா என்று பார்த்து ஊற்ற வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு அப்படியே நிற்கும். மட்டம் குறைந்தால் நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றிக்கொண்டே போனால் உவர் நிலத்தில் உப்புப் பூப்பது போலத் தொட்டியிலும் உப்பு ஏறிவிடும்.

தொட்டி பழுக்க வேண்டும்

புதுத் தொட்டியில் மறுநாளே மீன் விடுவதுதான் பெரும்பாலான நஷ்டத்துக்குக் காரணம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். வயலில் யூரியா இட்டால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுவதை அறிவோம். அதே வேலை தொட்டியிலும் நடக்க வேண்டும். முதல் வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷமே. இரண்டாம் வகை அதை நைட்ரேட்டாக்கும். இதன் தீங்கு குறைவு. இந்த நுண்ணுயிர்கள் கல்லிலும் வடிகட்டியிலும் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும்.

அதுவரை சிறு துண்டு இறால் சதையை இட்டு, நீரை ஓட விட்டு, சோதனைப் பெட்டியால் வாரம் இரு முறை பார்க்க வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி இறங்கி, இல்லை என்று ஆன பிறகே மீன். அடியில் ஒரு வடிகட்டித் தொட்டியும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியும் இருப்பது நலம்.

கோடையும் மின்சாரமும்

நீரின் வெப்பம் 26 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும். வெப்பம் ஏறினால் நீரில் பிராண வாயு குறைந்துவிடும். நீர் மட்டத்தின் மேல் மின்விசிறி ஓடவிட்டால் இரண்டொரு டிகிரி குறையும். அறையும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மின்வெட்டு நேரத்துக்கு மின்கலத்தில் ஓடும் காற்றுக் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும்.

பம்பும் மற்றக் கருவிகளும் சேர்ந்து 100 வாட் என்று வைத்தால், நாள் முழுவதும் ஓட 2.4 யூனிட், இரண்டு மாத ரசீதில் 144 யூனிட் கூடும். விவசாயப் பம்புசெட்டுக்குத் தந்த இலவச மின்சாரத்தை இதற்கு இழுக்கக் கூடாது.

எந்த மீன்?

ஆரம்பத்தில் கோமாளி மீன் ஏற்றது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை கொண்டது. கடலில் இது கடற்சாமந்தியின் நடுவே வாழ்கிறது. தொட்டியில் அது இல்லாமலே ஒரு மண் சட்டியில் குடியிருக்கும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இம்மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையைக் கண்டிருக்கிறது. பொரிப்பகக் குஞ்சுகளையே வாங்க வேண்டும். கடலில் பிடித்த மீன் தொட்டித் தீவனத்துக்குப் பழகுவது கடினம், கடலும் வெறுமையாகும்.

கோமாளி மீன் குஞ்சுகள் எல்லாம் முதலில் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும்; அடுத்தது அதற்கு ஜோடியாகும். ஜோடி சேர்ந்த பின் ஓட்டின் மேல் முட்டையிடும். ஆண் மீன் விசிறிக் காவல் காக்க, சுமார் 7, 8 நாளில் இருட்டிய பிறகு குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சுக்குக் கண்ணுக்குத் தெரியாத ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை உயிருடன் கொடுக்க வேண்டும், பிறகு ஆர்ட்டீமியா. இவற்றையும், ரோட்டிஃபருக்கு உணவான பச்சைப் பாசியையும் தனியே வளர்க்கத் தெரியாமல் இனப்பெருக்கத்தில் இறங்க வேண்டாம். முதல் ஆண்டு, சிறு குஞ்சுகளை வாங்கி வளர்த்து விற்கப் பழகினால் போதும். வாங்குவோர் யார் என்று கேட்டு வைத்த பிறகே குஞ்சு வாங்க வேண்டும்.

கழிவு நீர் எங்கே போகும்?

நைட்ரேட் சேருவதால் வாரம் 10 சதம் நீரை மாற்ற வேண்டும். 550 லிட்டரில் அது 55 லிட்டர். இரண்டு குடத்துக்குச் சற்றுக் கூடுதல்தானே என்று கொல்லையில் கொட்டத் தோன்றும். கணக்குப் பாருங்கள். 55 லிட்டரில் உப்பு ஏறக்குறைய 1.9 கிலோ. 52 வாரத்துக்கு 100 கிலோ. ஆண்டுக்கு ஒரு பெரிய மூட்டை உப்பை நம் கையாலேயே கொல்லையில் கொட்டுகிறோம்! பத்துத் தொட்டி வைத்தால் ஒரு டன்.

மண் பரிசோதனை அட்டையில் மின் கடத்தும் திறன் என்று ஒரு எண் இருக்கும். அது 4-ஐத் தாண்டினால் உவர் நிலம். நெல்லுக்கு 3-ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். கடல் நீரின் அளவோ சுமார் 50. மண்ணில் உப்பு கூடினால் ஈரம் இருந்தும் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. உறிஞ்சு குழியில் விட்டால் கிணற்றுக்குப் போகும். கிணறு உப்பானால் பக்கத்துக் காணிக்காரருக்கும் கேடு.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் இறைத்ததால் கடல் நீர் உள்ளேறிக் கிணறுகள் உப்பானதை நம் மாவட்டமே கண்டது. கடலோரங்களில் இறால் பண்ணைகளின் உப்பு நீர் வயலையும் குடிநீரையும் கெடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியதும், 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்ததும் நினைவிருக்க வேண்டும்.

ஆகவே கழிவு நீரை மண்ணில் விடக் கூடாது. 10 அடிக்கு 10 அடி சிமெண்டுப் பாத்தி கட்டினால், 55 லிட்டர் நீர் 6 மில்லி மீட்டர் உயரமே நிற்கும். கோடையில் இரண்டொரு நாளில் காய்ந்துவிடும். உப்பை வாரி, மழை படாமல் கோணியில் கட்டி வைத்து, உள்ளாட்சிக் குப்பை சேகரிப்பில் ஒப்படைக்க வழி கேட்க வேண்டும். மாட்டுக்கோ சமையலுக்கோ ஆகாது. வடகிழக்குப் பருவ மழையில் பாத்தி காயாது. 13 வாரத்துக்கு 715 லிட்டர் சேரும். 200 லிட்டர் டிரம் நான்கு தயாராக வைத்திருக்க வேண்டும். இதற்கு இடமில்லாதவர் தொட்டி வைக்காமலிருப்பதே நல்லது.

யாருக்கு ஏற்றது?

கிணற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் சிறு விவசாயி, கற்றுக்கொள்வதற்காக ஒரு தொட்டியோடு நிற்கலாம். வருமானத்துக்கு நன்னீர் வண்ணமீனே பாதுகாப்பு. அதன் கழிவு நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம், உரமாகவும் ஆகும். பழவேற்காடு போன்ற கடலோர ஊரார்க்குக் கடல் மீன் வளர்ப்பு இன்னும் பொருத்தம். அவர்களும் உரிய அனுமதி பற்றிக் கேட்டறிய வேண்டும்.

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் புறக்கடை வண்ணமீன் வளர்ப்புக்கும் மானியம் வைக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதம், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதம். தற்போதைய நிலையை மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகே செலவில் இறங்க வேண்டும். பொன்னேரி மீன்வளக் கல்லூரியிலும், சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்திலும் ஆலோசனை பெறலாம். அதற்கு முன் கிணற்று நீரையும் கொல்லை மண்ணையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் வழி சொல்வார்கள். அந்த எண்ணைக் குறித்து வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். எண் ஏறினால் தொட்டியை நிறுத்திவிடுங்கள். மீன் போனால் மறுபடி வாங்கலாம். உப்பான கிணற்றை மீட்பது எளிதல்ல.