வேலை போயாச்சு... பாக்கி சம்பளம் எப்போ வரும்? - கலிஃபோர்னியா, டெக்சாஸ் விதிகள் சொல்வது என்ன?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குத் திடீர்னு வேலை போனால், முதல் கவலை விசாதான். ஹெச்1பி-யில் இருப்பவர்களுக்குப் பொதுவாக அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அந்தப் பதற்றத்தில், 'கம்பெனி தர வேண்டிய காசு முழுசா வந்துச்சா?' என்று பார்க்கப் பலருக்கும் தோணுவதில்லை. இதற்கான விதிகள் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், உங்கள் மாநிலக் கணக்கைத் தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது.

கடைசி சம்பளம்: கலிஃபோர்னியாவில் வேலையைவிட்டு நீக்கினால், அன்றைக்கே மொத்த பாக்கியையும் தரணும். 72 மணி நேரம் முன்பே சொல்லிவிட்டு நாமே விலகினால், கடைசி நாளில் வரணும். சொல்லாமல் விலகினால் 72 மணி நேரத்துக்குள். வேண்டுமென்றே இழுத்தடித்தால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் சம்பளம் அபராதம்; அதிகபட்சம் 30 நாள். டெக்சாஸில் நீக்கப்பட்டால் 6 நாள்களுக்குள். நாமே விலகினால் அடுத்த சம்பளத் தேதியில்.

ஓவர்டைம்: வாரம் 40 மணி நேரம் தாண்டினால் ஒன்றரை மடங்கு என்பது மத்தியச் சட்டம். டெக்சாஸில் இதுதான் கணக்கு. கலிஃபோர்னியாவிலோ ஒரே நாளில் 8 மணி நேரம் தாண்டினாலே ஒன்றரை மடங்கு, 12 தாண்டினால் இரட்டிப்பு. மணிக்கு 20 டாலர் வாங்குபவர் ஒரே நாளில் 13 மணி நேரம் உழைத்தால் 160 + 120 + 40 = 320 டாலர். ஆனால், அதிகச் சம்பளம் வாங்கும் சாஃப்ட்வேர் இன்ஜினீயர்கள் பலருக்கு ஓவர்டைம் கிடையாது.

எடுக்காத விடுமுறை: கலிஃபோர்னியாவில் சேர்ந்த விடுமுறையும் சம்பளம் மாதிரிதான். 'எடுக்கலைன்னா காலி' என்று கம்பெனி சொல்ல முடியாது. இவ்வளவுக்கு மேல் சேராது என்று வரம்பு வைக்கலாம், அவ்வளவுதான். உடல்நிலைக்கான சிக் லீவ் இந்தக் கணக்கில் வராது. டெக்சாஸில் கம்பெனியின் எழுத்துபூர்வ பாலிசியில் இருந்தால் மட்டுமே விடுமுறைக்குப் பணம்.

காசு வரலையா? கலிஃபோர்னியாவில் லேபர் கமிஷனரிடம் புகார் தரலாம். விசா நிலை அதற்குத் தடையில்லை. டெக்சாஸில் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனிடம், சம்பளம் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 180 நாள்களுக்குள் கேட்கணும்.

வேலை போனதும் ஆபீஸ் லாகின் முடங்கிவிடும். அதனால் பே ஸ்லிப், மீதமுள்ள விடுமுறைக் கணக்கு, வேலை நேரப் பதிவு மூன்றையும் மாசா மாசம் உங்கள் கையில் எடுத்து வெச்சுக்கோங்க. கேட்கிற காசுக்கு ஆதாரம் அதுதான்!