உங்களுக்குத் தெரியுமா? புளிப்பை அளக்கும் மின்மினி!

● காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்த புளித்த மாவில் மூங்கில் குடலையில் வேகிறது. மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் உண்டாக்குவது லாக்டிக் அமிலம்.

● 1780-ல் புளித்த பாலில் இதைக் கண்டறிந்தவர் ஸ்வீடனில் வாழ்ந்த வேதியியலாளர் ஷீலே.

● மூச்சிரைக்க ஓடினால் நம் தசையிலும் லாக்டேட் (லாக்டிக் அமிலத்தின் அயனி வடிவம்) பெருகும். ஓய்வில் இருப்பவரின் ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குள்தான் இருக்கும். கடும் நோய்த்தொற்றில் இது எகிறும்.

● இந்த அளவை அறிய, ஆய்வகத்தில் ஒரு நொதி லாக்டேட்டைப் பைருவேட்டாக மாற்றும். கூடவே என்ஏடிஎச் என்ற மூலக்கூறு உருவாகும். அதைக்கொண்டு இன்னொரு நொதி, ஒளி தரும் பொருளான லூசிஃபெரினை விடுவிக்கும். மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ் வகை நொதி அதை ஒளிர வைக்கும். வெளிச்சம் எவ்வளவு கூடுதலோ, லாக்டேட்டும் அவ்வளவு கூடுதல்!