சூரமங்கலத்துக் காற்றை ஸ்கிரீனில் பார்க்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட் இணைப்பு வந்ததும் வானிலை பார்ப்பார்கள். அதே சுலபத்தில் நம் ஊர்க் காற்றில் எவ்வளவு தூசும் புகையும் கலந்திருக்கிறது என்றும் பார்க்கலாம். குறிப்பாக மார்கழி, தை மாதங்களில்.

சேலத்தைச் சுற்றி சேர்வராயன் மலை, கஞ்சமலை, ஜருகுமலை என்று மலைகள். குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சற்று வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நின்றுவிடும். வண்டிப் புகையும் குப்பை எரித்த புகையும் அதற்குள் அடைபட்டு, வெயில் ஏறிய பிறகே கலையும். 2018 போகியன்று சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது.

பிரவுசரைத் திறந்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘ஏ.க்யூ.ஐ.’ பக்கத்துக்குச் செல்லுங்கள். மாநிலம், நகரம், நிலையம் என்று வரிசையாக வரும் மெனுக்களில் தமிழ்நாடு, சேலம், சோனா கல்லூரி என்று தேர்வு செய்யுங்கள். கருவி ஜங்ஷன் மெயின் ரோட்டில் இருக்கும் கல்லூரி நிலையத்துடையது என்பதால் சூரமங்கலத்துக்காரர்களுக்கு இது பக்கத்து வீட்டுக் கணக்கு. செல்போனில் பார்க்க வாரியத்தின் ‘சமீர்’ ஆப் உண்டு.

எண் 50க்குள் இருந்தால் நன்று. 100 வரை திருப்தி. 200 வரை மிதம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. பல மாசுகளை அளந்து, அவற்றில் எது அதிகமோ அதன் எண்ணைத்தான் காட்டுகிறார்கள்; சராசரி அல்ல. நுண்தூசியான பி.எம். 2.5, ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் நம் குறியீட்டில் 100, அதாவது ‘திருப்தி’. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஒரு நாள் அளவோ 15தான். பச்சை நிறத்தைப் பார்த்தவுடன் நிம்மதி அடைந்துவிட வேண்டாம்!

இன்னொன்று. தூசிக்கு இது 24 மணி நேர சராசரி. விடியற்காலையில் இரண்டு மணி நேரம் தெருவே புகையாக இருந்தாலும் எண் அவ்வளவாக அசையாது. வீட்டுக்குள் நடப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

தூசித் துகளில் லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்து அளக்கும் சிறிய சென்சார்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. யு.எஸ்.பி.யில் செருகிப் பார்க்கும்படியாகவே சில உள்ளன. அப்படி ஒன்றை எங்கள் வீட்டில் வைத்தேன். குளிருக்கு ஜன்னலைச் சாத்தி கொசுவர்த்தி ஏற்றிய சிறிது நேரத்தில் எண் பல மடங்கு எகிறியது. அதே நேரம் வாரியத்தின் பக்கத்தில் பச்சை! ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரிந்தால் வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அம்மா அன்றிலிருந்து கொசுவலைக்கு மாறிவிட்டார். மூடுபனி நேரத்தில் இந்த சென்சார்கள் நீர்த்துளியையும் தூசியாக எண்ணிவிடும். அதனால் ஜன்னலுக்கு வெளியே வைத்துப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

ஆனால் இந்த சென்சார் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்காது. நிறமோ மணமோ இல்லாத வாயு அது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் தங்கும் அறைக்குள் கரி அடுப்புப் புகையால் சுற்றுலா வந்த இருவர் தூக்கத்திலேயே இறந்தார்கள். ஏற்காட்டுக்குப் போனாலும் சரி, வீட்டு பாத்ரூமில் கேஸ் கீசர் இருந்தாலும் சரி, ஆபத்து ஒன்றுதான். கீசரைக் காற்றோட்டம் உள்ள வெளிப்பக்கம் மாட்டுங்கள். கரி அடுப்பை அறைக்குள் கொண்டு போகாதீர்கள். இந்த வாயுவுக்கென்றே அலாரம் தனியாக விற்கிறார்கள். அலாரம் அடித்தாலோ, திடீரென்று தலைவலியும் வாந்தியும் வந்தாலோ, முதலில் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். பிறகு 108ஐ அழையுங்கள்.