அவசரப் பை: கடையில் வாங்குவதா, கையால் சேர்ப்பதா?



தொழில் மேலாண்மைப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்த கேள்வி ஒன்று உண்டு. ஒரு இயந்திர பாகத்தை நம் பட்டறையிலேயே செய்வதா, வெளியில் வாங்குவதா? விலை என்ன, தரம் என்ன, நம் தேவைக்கு அது சரியாகப் பொருந்துமா என்று மூன்றையும் எடைபோட்டு விடை எழுதுவோம். அதே கேள்வியை வீட்டுக்குள் கொண்டுவந்து கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். வெள்ளம் வந்தால் கைகொடுக்கும் அவசரப் பையை ரெடிமேடாக வாங்குவதா, நாமே சேர்த்து வைப்பதா?

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்ப்பா, நமக்கெதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். தாம்பரத்துக்காரர்கள் அப்படிக் கேட்க முடியாது.

நம்ம ஊர் ஆபத்து எது?

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. 49 செ.மீ. என்றால் எவ்வளவு? 600 சதுர அடி மொட்டை மாடியில் மட்டும் சுமார் 27,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி இரண்டு வந்தாலும் கொள்ளாது! மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியாததால், 1878-இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழே அன்று அச்சாகவில்லை. மீனம்பாக்கம் விமான நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லோரும் செம்பரம்பாக்கத்தையே பேசுகிறோம். அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருப்பவை. அவற்றை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்து வந்த தண்ணீர். ஆகவே டி.வி.யில் "செம்பரம்பாக்கம் திறப்பு" என்று வரும்வரை காத்திருந்தால் நம்மில் பலருக்கு அது பிந்திய செய்தி.

அடுத்த ஆண்டே, 2016 டிசம்பர் 12-இல், வர்தா புயல். இம்முறை தண்ணீரைவிடக் காற்றுதான் எதிரி. மரங்களும் கம்பங்களும் சாய்ந்து புறநகரில் பல தெருக்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் என்று மறுபடி அதே கதை.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நம் ஆபத்தின் முகம் தெரிகிறது. சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. இரண்டு மூன்று நாட்கள் கரண்டும் போனும் இல்லை. பெரும்பாலானோர் காட்டில் வழிதவறி நிற்கவில்லை. சொந்த வீட்டு மாடியிலோ பக்கத்து வீட்டு மாடியிலோ உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

ரெடிமேட் பையைப் பிரித்தோம்

போன வருடம் என் மாமா ஒரு ரெடிமேட் அவசரப் பையை வாங்கி வந்தார். விலை இரண்டாயிரத்துக்கு மேல். கூடத்தில் வைத்துப் பிரித்தோம். உள்ளே இருந்தவை: திசைகாட்டி, கம்பி ரம்பம், தீப்பொறிக் கம்பி, தூண்டில் முள், வெள்ளிக் காகிதம் மாதிரி ஒரு போர்வை, விரல் நீள டார்ச், விசில், நாலு பிளாஸ்திரி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என் பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"இதுல என் சுகர் மாத்திரை எங்கடா இருக்கு?"

இந்தக் கேள்விக்கு எந்த ரெடிமேட் பையாலும் பதில் சொல்ல முடியாது. அந்தப் பையைத் தயாரித்தவர் மனதில் இருந்தது மலையேறப் போனவன், பனியில் மாட்டிக்கொண்டவன். ஜப்பானில் வாசலருகே வைக்கும் பை நிலநடுக்கத்துக்காக. முடிச்சூரில் அடையாறு எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்ல ஒரு திசைகாட்டி வேண்டுமா?

2015-இல் நான் மூன்றாம் வகுப்பு. எதிர்வீட்டு மாடியில் இரண்டு இரவு இருந்தோம். அப்போது பெரியவர்கள் தவித்தது எதற்கு? குடிநீர், மாத்திரை, கைக்குழந்தைக்குப் பால், வெளிச்சம், இன்னும் அலமாரியிலேயே கிடந்த பத்திரங்கள். ரம்பத்தையோ தூண்டிலையோ யாரும் தேடவில்லை.

ஆனாலும் நியாயமாகப் பேச வேண்டும். அந்தப் பையிலும் ஒரு தங்கம் இருந்தது: விசில். தொண்டை கட்டிப்போனாலும் விசில் சத்தம் படகுக்காரருக்குக் கேட்கும். அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

எதை வாங்க வேண்டும்?

எந்தப் பொருளுக்கு அளவும் சுத்தமும் உயிர்நாடியோ, அதை வாங்கத்தான் வேண்டும்.

நம் பாடத்தில் வரும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45-வது பிரிவு நினைவிருக்கிறதா? 150 தொழிலாளருக்கு ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டி வேண்டும், விதித்த பொருளைத் தவிர வேறெதையும் அதில் வைக்கக்கூடாது, பயிற்சி பெற்ற ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றது அது. ஆளுக்கு ஆள் தோன்றியதைப் போட்டு வைத்தால் அவசரத்தில் எதுவும் அகப்படாது என்பதுதான் காரணம்.

ஓ.ஆர்.எஸ். இன்னொரு உதாரணம். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று வீட்டிலும் கலக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து. மேலும் பாக்கெட்டில் இருக்கும் பொட்டாசியமும் சிட்ரேட்டும் வீட்டுக் கலவையில் இல்லை. பத்து பாக்கெட் வாங்கி வைப்பதே புத்திசாலித்தனம். குளோரின் மாத்திரையும் அப்படியே. எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று அட்டையில் போட்டிருக்கும். போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். சுத்தமான கட்டுத்துணி, சான்று பெற்ற மிதவைச் சட்டை, இவையும் வாங்க வேண்டியவையே. காலி கேன் மிதக்கும் என்பதற்காக அதை மிதவைச் சட்டையாக நினைத்துவிடக் கூடாது.

எதை நாமே சேர்க்க வேண்டும்?

மற்றதெல்லாம் நம் வீட்டைப் பொறுத்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. தண்ணீர்: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர். நாலு பேர், மூன்று நாள் என்றால் 36 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் இரண்டு. எந்தப் பையும் 36 கிலோவைத் தாங்காது! ஆகவே நம்மிடம் உள்ள மிகப் பெரிய அவசரப் பெட்டி மாடியில் இருக்கும் தொட்டிதான். புயல் அறிவிப்பு வந்ததுமே மோட்டாரைப் போட்டு அதை நிரப்பிவிட வேண்டும். கரண்ட் போனபிறகு மோட்டார் ஓடாது. தரையடித் தொட்டியில் சாக்கடை கலந்துவிடும்.

2. சாப்பாடு: அடுப்பில்லாமல் சாப்பிட முடிவது எதுவோ அது. அவல், வெல்லம், பொட்டுக்கடலை, பேரீச்சை, பிஸ்கட், பால்பவுடர்.

3. மருந்து: வீட்டில் யார் யார் தினசரி மாத்திரை போடுகிறார்களோ அவர்களுக்கு ஒரு வாரத்துக்கு, மருந்துச்சீட்டு நகலோடு. மூக்குக்கண்ணாடி ஒன்று கூடுதலாக. பெண்களுக்கான நாப்கின்களை மறக்காதீர்கள்.

4. மின்சாரம்: 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் என்றால் 3.7 வோல்ட்டில் 37 வாட்-மணி. 5 வோல்ட்டுக்கு ஏற்றும்போது இழப்பு உண்டு. பின்பக்கம் பொடி எழுத்தில் பார்த்தால் 6,000 சொச்சம் என்றுதான் இருக்கும். 5,000 எம்.ஏ.ஹெச். ஸ்மார்ட்போனை அது ஒன்றரை முறைதான் நிரப்பும். பழைய பட்டன் போன் ஒன்றைச் சார்ஜ் போட்டு அணைத்து வைத்தால் அதைவிடப் பிரயோஜனம். டார்ச்சில் பேட்டரியைப் போட்டே வைத்தால் கசிந்து முனைகள் அரித்துப்போகும், தனியே வையுங்கள்.

5. பணம்: வர்தா வந்தது ரூபாய் நோட்டு செல்லாமல் போய் ஒரு மாதம் தாண்டிய சில நாட்களில். கரண்ட் இல்லை, ஏ.டி.எம். இல்லை, கார்டு தேய்க்கவும் வழியில்லை. இன்று எல்லாம் போனில்தான். டவர் போனால் காசும் போச்சு. பத்து, இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் இருக்கட்டும்.

6. சான்றிதழ்: இது நமக்கென்றே உள்ள கவலை. 2015 வெள்ளத்தில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு நகல் தர அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. கேம்பஸ் இன்டர்வியூவில் "அசல் எங்கே?" என்று கேட்டால் வெள்ளத்தைக் காட்ட முடியாது. மளிகைக் கடைக்காரர் செய்வதுபோல, கெட்டியான பாலிதீன் உறையின் வாயை ஹாக்சா பிளேடின் மேல் மடித்து, மெழுகுவத்திச் சுடரில் ஓட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஒரு உறைக்குள் இன்னொரு உறை. போனில் படம் எடுத்தும் வையுங்கள்.

இதோடு முக்கியமான போன் நம்பர்களைக் காகிதத்தில் எழுதுங்கள். மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, ஆம்புலன்ஸ் 108.

பைக்குள் அடங்காதவை

சில வேலைகளைப் பையில் போட முடியாது. தெரிந்துதான் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் மீட்டர் பெட்டியைத் தொடும் முன், தரை ஈரமாகும் முன்பே, மெயினை அணைத்துவிட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியை மாடிக்கு ஏற்றிவிட வேண்டும்.

சமையல் சிலிண்டர் முழுசாக இருந்தால் மிதக்காது என்று பலர் நினைக்கிறார்கள். ஆர்க்கிமிடீஸைக் கேளுங்கள்! 14.2 கிலோ வாயு, இரும்பு 15 கிலோ சொச்சம், மொத்தம் 30 கிலோ. அது விலக்கும் தண்ணீரோ 35 லிட்டர் அளவில். ஆகவே நிறைந்த சிலிண்டரும் மிதக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, ஜன்னல் கம்பியில் கட்டிவிடுங்கள்.

முடிவாக

விடை இதுதான்: அளவும் சுத்தமும் வேண்டியதை வாங்குவோம், மற்றதை நாமே சேர்ப்போம். முழுப் பையையும் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்தால் "பை இருக்கு" என்ற நிம்மதிதான் மிஞ்சும். நாமே சேர்க்கும்போதுதான் வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை, மெயின் எங்கே, யார் பாட்டியைத் தூக்குவது என்று நாலு பேர் உட்கார்ந்து பேசுகிறோம். பையைவிட அந்தப் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்குகிறது. ஆகவே அக்டோபர் முதல் ஞாயிறு அன்று பையைக் கொட்டிப் பாருங்கள். காலாவதியான மாத்திரையை மாற்றுங்கள், பழைய பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் புதுசு வையுங்கள். வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் நண்பர்கள் அறைக்கு ஒரு பை போதும். செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். நம் மாணவர் சங்கம் அந்த ஞாயிறை வருடந்தோறும் பை சேர்க்கும் நாளாக அறிவித்தால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் குளோரின் மாத்திரையும் மொத்த விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்க நான் தயார். பெயர் கொடுக்க விரும்புவோர் எங்கள் வகுப்புக்கு வாருங்கள்.

— மூன்றாமாண்டு, மின் மற்றும் மின்னணுவியல் பிரிவு